தாயக்கட்டையும் இருபது முகப் பகடையும்

ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் கட்டம் போட்ட பலகை கிடையாது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், நடுவில் சில பகடைகள், அவ்வளவுதான். நால்வரில் ஒருவர் சொல்லத் தொடங்குகிறார்: "போடிமெட்டு உச்சி. பொழுது சாஞ்சாச்சு. மஞ்சு இறங்கி, பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல. உங்ககிட்ட மூணு மூட்டை ஏலக்காய் இருக்கு. விடியறதுக்குள்ள 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முந்தல் போய்ச் சேரணும். புலியூத்துப் பக்கம் பெரிய மரம் ஒண்ணு பாதையை அடைச்சு விழுந்து கிடக்கு. என்ன செய்யப் போறீங்க?"

"நான்தான் சுமைகாரனாச்சே, மரத்தைப் புரட்டிப் பாக்குறேண்ணே" என்கிறான் ஒருவன். அவனுடைய தாளில் 'பலம்: கூட்டல் 3' என்று எழுதியிருக்கிறது. இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, விழுகிற எண்ணோடு 3 கூட்டி, 15 அல்லது அதற்கு மேல் வந்தால் மரம் நகரும். விழுந்தது 7. மரம் அசையவில்லை. சத்தம் கேட்டுச் சரிவில் எங்கோ ஏதோ உறுமுகிறது.

"எதுக்குண்ணே அதைப் புரட்டணும்?" என்கிறாள் இன்னொருத்தி. "மூட்டையை அவுத்து, பாதிப் பாதியா கட்டி, கிளைக்கு அடியில தள்ளி விட்ருவோம். நாமளும் ஊர்ந்து போயிரலாம்."

இதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. நடத்துகிறவர் சற்று யோசிக்கிறார். "சரி, நடக்கும். பகடை வேண்டாம். ஆனா அவுத்துக் கட்ட அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அந்த உறுமல் கிட்ட வந்துரும்."

மேசையில் ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டு என்பது இதுதான். ஆளுக்கொரு வேடம், உலகத்தை விவரித்துக் கதையை நடத்த ஒருவர், சந்தேகமான இடத்தில் பகடை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இதை அச்சில் கொண்டு வந்தார்கள். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு வெறும் 1000 பிரதிகள். இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வார இறுதிகளில் கூடி ஆடும் குழுக்கள் இருக்கின்றன.

மேலே நடந்ததில் இரண்டு விதமான ஆட்டம் இருக்கிறது. சுமைகாரன் விதிக்குள் நின்று ஆடினான். அவள் விதிக்கு வெளியே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டும் ஒரே விளையாட்டுதானா, எது சரியான முறை என்று ஐம்பது வருடமாக அந்த விளையாட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ளத் தேவையான சாமான்கள் எல்லாம் நம் திண்ணையிலும் கோயில் தரையிலும் திருவிழா மேடையிலும் ரொம்பக் காலமாகவே கிடக்கின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதலில் பகடை.

இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் சலுகை கிடையாது. 1 விழுவதற்கும் 11 விழுவதற்கும் 20 விழுவதற்கும் வாய்ப்பு ஒன்றே, நூற்றுக்கு ஐந்து. சுமைகாரனுக்கு 12 முதல் 20 வரை எது விழுந்தாலும் போதும், ஒன்பது முகங்கள், ஆகவே 45 சதவீதம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஓர் எளிய விதி சேர்ந்தது. சூழ்நிலை உனக்குச் சாதகமாக இருந்தால் பகடையை இரண்டு தடவை உருட்டு, பெரியதை எடுத்துக்கொள். நெம்புகோலாக ஒரு கம்பு கிடைத்தது என்று வையுங்கள். இரண்டு தடவையும் தோற்றால்தான் இப்போது தோல்வி. 55 சதவீதத்தை 55 சதவீதத்தால் பெருக்கினால் சுமார் 30. வெற்றி வாய்ப்பு 45-லிருந்து கிட்டத்தட்ட 70-க்கு ஏறிவிடுகிறது. ஒரு வரி விதி, ஆட்டக்காரனின் புத்தியையே மாற்றிவிடுகிறது: இனி அவன் மரத்தில் கை வைப்பதற்கு முன் கம்பு தேடுவான்.

வேடத்தின் குணங்களைத் தீர்மானிக்க மட்டும் பழைய விதி ஆறு முகப் பகடைகள் மூன்றைப் போடச் சொன்னது. மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அதில் 18 வருவது ஒரே ஒரு விதம். 10 அல்லது 11 வருவது 54 விதம், அதாவது நாலில் ஒரு பங்கு. பகடை கூடக் கூட நடுவில் கூட்டம் சேரும், ஓரங்கள் காலியாகும். மனிதர்கள் பெரும்பாலும் நடுத்தரம், அபூர்வமாகத்தான் பீமன் பிறக்கிறான் என்று சொல்ல இந்தக் கணக்கு போதும். சமமாக விழும் பகடை, நடுவில் குவியும் பகடை என்ற இரண்டையும் தெரிந்தேதான் அந்த விளையாட்டு கலந்து வைத்திருக்கிறது.

இப்போது தாயக்கட்டைக்கு வருவோம். இதில் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது.

பித்தளையில் செய்த நீளமான இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. நீள்வடிவப் பகடைக்கு வயது அதிகம். மொகஞ்சதாரோவில் கிடைத்திருக்கிறது, கீழடியிலும் யானைத் தந்தத்தில் செய்த ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்து உருட்டிவிட்டால் மொத்தம் 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 3 வருவது நான்கு விதம். 2-ம் 4-ம் மும்மூன்று விதம். 1-ம் 5-ம் இரண்டிரண்டு விதம். 6 ஒரே விதம். இரண்டும் வெறுமையாக விழுவது ஒரே விதம். அதைப் பூச்சியம் என்று விடாமல் 12 என்று வைத்தார்கள். மிக மோசமாக விழுந்ததை மிக உயர்ந்ததாக்கிய இந்தத் துணிச்சலுக்கே ஒரு சபாஷ் போடலாம்.

இனி விதியைப் பாருங்கள். தாயம் என்னும் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். மறு ஆட்டம் தரும் நான்கும் அபூர்வமாக விழுபவை, தராத மூன்றும் அடிக்கடி விழுபவை. ஒன்றுகூடத் தப்பவில்லை. நிகழ்தகவு என்ற கணக்கு ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில்தான், பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்ட 1654-ஐ ஒட்டித்தான் உருவம் பெற்றது. நம் ஆட்டத்தில் அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆடி ஆடிக் கை கண்டுகொண்டது.

இன்னும் ஒரு படி போகலாம். ஒரு தடவை உருட்டினால் சராசரியாக எவ்வளவு விழும்? 16 விதங்களின் கூட்டுத்தொகை 60. வகுத்தால் 3.75. பதினாறில் ஆறு தடவை மறு ஆட்டம் கிடைக்கிறது என்பதால், ஒருவர் கையில் கட்டை வந்துவிட்டால் சராசரியாக 1.6 தடவை உருட்டுவார். 3.75-ஐ 1.6-ஆல் பெருக்குங்கள். சரியாக 6. பின்னம் இல்லை, மிச்சம் இல்லை. 12-ம் மறு ஆட்டமும் இல்லாமல், விழுந்ததை விழுந்தபடி எடுத்திருந்தால் இந்தச் சராசரி 3-தான். இரண்டு சின்ன விதிகள் ஆட்டத்தின் வேகத்தைச் சரியாக இரண்டு மடங்காக்கியிருக்கின்றன. இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது நான் இன்னொரு தடவை சரிபார்த்தேன், விடை மாறவில்லை.

காயைக் கட்டத்தில் இறக்கத் தாயம் விழ வேண்டும். ஒரு தடவை உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழுமுன் 5, 6, 12 வந்தாலும் மறுபடி போடலாம் என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். தாயம் போடாதவனுக்கு மறு ஆட்டம் ஏது என்று சில வீடுகளில் கட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். முதல் வீட்டில், முறை ஒன்றுக்குத் தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று; சராசரியாக ஆறு முறை காத்திருந்தால் காய் இறங்கும். இரண்டாவது வீட்டில் எட்டு முறை காத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் எட்டு முறை உருட்டியும் தாயம் காணாமல், அடுத்தவர் காய்களை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டிய வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பாட்டியைப் பொறுத்தவரை அது பொறுமைப் பயிற்சி. பேரனுக்குக் கொடுமை. வீட்டுக்கு வீடு விதி மாறுவது ஏதோ ஒழுங்கீனம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு: யார் யார் ஆடுகிறார்கள், எவ்வளவு பொழுது இருக்கிறது என்று பார்த்து வீடுகள் தங்களுக்குப் பொருத்தமான வேகத்தைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன.

விதி ஒன்றாகவே இருந்தாலும் ஆடுகிறவர்கள் ஒன்றுபோல ஆடுவதில்லை. நான்கு பேர் தாயம் ஆடினால் நான்கு சுபாவம் தெரியும். ஒருவர் ஒரே காயை விரட்டிக்கொண்டு போய், சுற்றை முடித்துப் பழமாக்கப் பார்ப்பார். ஒருவர் வெட்டுப்படாத கட்டமான மலையில் காய்களைக் குந்த வைத்து, வேறு வழியில்லாதபோது மட்டும் அசைவார். இன்னொருவருக்குப் பழமாவதில் அக்கறையே கிடையாது. எதிராளி காய்க்குப் பின்னால் மூன்று கட்டம் தள்ளிப் பதுங்கி, வெட்டுவதற்கென்றே இருப்பார். நான்காமவர் வாய் ஓயாமல் பேசுவார். கட்டையைக் கொஞ்சுவார், எதிராளியைச் சீண்டுவார், வெட்டுப்பட்ட தன் காய்க்கு ஒப்பாரி வைப்பார். தோற்றாலும் அவர் இல்லாமல் ஆட்டம் களைகட்டாது.

1980-ல் கிளென் பிளாக்கோ என்ற அமெரிக்கர் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' என்னும் விளையாட்டு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கதை விளையாட்டை ஆடுகிறவர்களிடம் நான்கு போக்குகளைப் பார்ப்பதாகச் சொன்னார்: தன் வேடத்தின் வலிமையைப் பெருக்கிக்கொண்டே போவது, வேடத்துக்குள் ஊறி அதன் குணத்தில் பேசுவது, போர்த் தந்திரத்தில் குறியாக இருப்பது, கதை நன்றாக வர வேண்டும் என்று பார்ப்பது. தாயக் கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நம் நால்வரையும் இந்த நான்கிலும் அச்சு அசலாகப் பொருத்த முடியாது. ஆனால் காயை விரட்டுபவரும் ஒப்பாரி வைப்பவரும் யாருக்கு உறவு என்று சொல்லிவிடலாம். பிளாக்கோ சொன்னதில் முக்கியமான விஷயம், ஒரே மேசையில் நான்கு போக்கும் கலந்து உட்கார்ந்திருக்கும் என்பது. சண்டை வருவது விதியால் அல்ல, எதற்காக ஆடுகிறோம் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாததால்.

தாயத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் காய். வேடம் என்பது வர, ஆட்டக்காரர்களின் சக்தி வேறு வேறாக இருக்க வேண்டும். அதற்கு ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. கோயில் தரையிலும் பாறையிலும் வெட்டி வைத்த முக்கோணக் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி தாண்டிக் கொல்லும். ஆட்டுக்குக் கொல்லத் தெரியாது, கூடி நின்று அடைக்க மட்டும் தெரியும். மேகமலை அடிவாரத்தில் கிடை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இங்கே பகடை கிடையாது, அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வழியும் கிடையாது. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கி முடித்து ஒன்றுகூடச் சாகாமல் இருந்தால், 23 புள்ளியில் 18 நிறைந்து வெறும் 5 காலியாக இருக்கும். அந்த 5 வெற்றிடங்கள்தான் ஆட்டமே. புலிகள் அவற்றை எட்டினால் உயிர், எட்டாவிட்டால் சிறை. 3 புலியும் 15 ஆடும் அந்தப் புள்ளிகளில் எத்தனை விதமாக நிற்கலாம் என்று கணக்கிட்டால் 2 கோடியே 74 லட்சத்தைத் தாண்டுகிறது. நேபாளத்தில் இதன் உறவான 'பாக் சால்' ஆட்டத்தில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற கணினி அறிஞர்கள் அதைக் கணினியில் அலசி, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று காட்டினார்கள். சக்தி சமமாக இல்லாத இரு தரப்பை, முடிவு சமமாக வரும்படி நிறுத்தி வைப்பது லேசான வேலை இல்லை. 1974-ன் விளையாட்டு போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்று வகை வேடங்களை வைத்தது. அடுத்த வருடம் திருடன் சேர்ந்தான். ஒருவனால் முடிந்தது இன்னொருவனால் முடியாது, ஆனாலும் ஒருவன் மற்றவனை விழுங்கிவிடக் கூடாது. இந்தச் சமநிலைக்காகப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நம் பாறையில் வெட்டியதை யாரும் அழித்து எழுதவில்லை.

பரமபதத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க உதவும் அந்த ஆட்டத்தில் ஏணியும் பாம்பும் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. ஆடுகிறவர் எங்கேயும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் தூங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காகப் போட்டாலும் முடிவில் எந்த வித்தியாசமும் வராது. முழுக்க முழுக்க விதி, ஆளே தேவையில்லை. பாவ புண்ணியத்தைச் சொல்ல அதுவே பொருத்தம் என்று நினைத்திருக்கலாம். கதை விளையாட்டு நடத்துகிறவர்களில் சிலர், தாங்கள் யோசித்து வைத்த முடிவுக்கே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் ஆடுவது பரமபதம். மேசையில் இருப்பவர்கள் தூங்கிவிட்டாலும் கதை முடிந்துவிடும்.

ரோஜே கையுவா என்ற பிரெஞ்சு அறிஞர் 1958-ல் உலகத்து விளையாட்டுகளை எல்லாம் நான்கு கூறுகளில் அடக்கினார்: போட்டி, அதிர்ஷ்டம், வேடம், கிறுகிறுப்பு. பரமபதம் அதிர்ஷ்டம். ஆடுபுலி போட்டி. தாயம் இரண்டும் கலந்தது. குழந்தைகளின் தட்டாமாலை கிறுகிறுப்பு. போடிமெட்டுப் பேருந்தில் கடைசி இருக்கையில் ஏறி வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மிச்சம் இருப்பது வேடம். அதைத் தேட மேசையை விட்டு எழுந்து திருவிழா மேடைக்குப் போக வேண்டும்.

மதுரை, தேனி வட்டாரத்தில் ஊர்த் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. பெரும்பாலும் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வழியில், விடிய விடிய நடக்கும். வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் அதில் இருக்கிறது: நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி ஏற்பாடு செய்து, அன்று இரவு மேடையில்தான் கூடுவார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகள் தெரியும், எந்தக் கட்டத்தில் யார் வருவார் என்று தெரியும். மற்றதெல்லாம் அந்த நிமிடத்தில் பிறக்க வேண்டியதுதான். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களோடு பழகி எழுதிய ஆய்வு நூல் 2005-ல் வந்திருக்கிறது.

கதை என்னவென்று யோசித்துப் பாருங்கள். மலைச்சரிவில் தினைப்புனம் காக்கும் பெண். அவளைத் தேடி ஒரு கடவுள் வேடனாக வருகிறார், வேங்கை மரமாக நிற்கிறார், கிழவராகத் தள்ளாடுகிறார். யானையாக வந்து பயமுறுத்த அண்ணனைக் கூப்பிடுகிறார். உருமாற்றம், மாயம், காடு, விலங்கு எல்லாம் ஒரே மலையில். டிராகனைத் தேடி எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?

முடிவு மாறக் கூடாது என்பது அந்த மேடையின் விதி. வள்ளிக்குத் திருமணம் நடந்தே ஆக வேண்டும். ஆனால் போகிற வழியில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும். நாரதர் என்ன கேட்பார் என்று வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. வள்ளி எங்கே மடக்குவாள் என்று நாரதருக்கும் தெரியாது. கூட்டம் ரசித்தால் ஒரு மணி நேரம் நீளும், கொட்டாவி விட்டால் சுருங்கும். ஆர்மோனியக்காரர் இரண்டு பேரையும் பார்த்தபடி காத்திருந்து, ஆள் தடுமாறுகிற இடத்தில் ஒரு ராகத்தை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றுவார். மேசை விளையாட்டில் கதை நடத்துகிறவர் செய்வதும் பெரும்பாலும் இந்த ஆர்மோனியக்காரரின் வேலைதான். நல்ல நடத்துநர் தன் குரலைக் குறைத்துக்கொண்டு, மற்றவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வார்.

அந்த நடத்துநர் எங்கிருந்து வந்தார்? கதை விளையாட்டில் அவரை வைத்தது ராணுவம். பிரஷ்யாவில் ரெய்ஸ்விட்ஸ் என்ற தந்தை 1812-ல் அரசருக்குக் காட்டிய போர் விளையாட்டை, மகன் 1824-ல் திருத்தி விதிநூலாக அச்சிட்டார். அதிகாரிகள் வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்துவார்கள். நடுவில் ஒரு நடுவர். சேதத்தைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். அட்டவணைகள் பெருகின. ஒரு சண்டையைத் தீர்க்கப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அனுபவம் உள்ள நடுவர் இருக்கும்போது அட்டவணை எதற்கு, அவர் பார்த்துச் சொன்னால் போதும் என்றார். ஒரு புறம் எழுதிய விதி, மறு புறம் நடுவரின் தீர்ப்பு. 1974-க்குப் பிறகு வந்த சண்டை முழுவதும் இந்தப் பழைய சண்டையின் தொடர்ச்சிதான். அமெரிக்காவில் டேவ் வெஸ்லி 1969-ல் நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டத்தில் படைகளுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மனிதரைக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் ஆர்னெசன் தன் கற்பனை நாட்டை உருவாக்கினார். அதில் கைகாக்ஸின் போர் விதிகள் சேர்ந்ததும் புதிய விளையாட்டு பிறந்துவிட்டது.

இரண்டாயிரத்தில் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றுக்கும் எண் வைத்தது. சுவர் ஏற ஓர் எண், பூட்டுத் திறக்க ஓர் எண், பொய் சொல்ல ஓர் எண். மரத்துக்கு அடியில் மூட்டையைத் தள்ளலாம் என்று நம் பெண் சொன்னால், அதற்கும் எந்த எண் பொருந்தும் என்று புத்தகத்தைப் புரட்டத் தோன்றும். எதிர்முகாம் அதற்குப் பதிலாகக் கேட்டது: புத்தகம் எதற்கு, அவள் சொன்னது நடக்குமா நடக்காதா என்று உனக்கே தெரியாதா? இந்தப் பழைய பாணியை விளக்கி மாட் ஃபின்ச் 2008-ல் ஒரு சிறு வழிகாட்டியே எழுதினார்.

எனக்கு அவர்கள் பக்கமே சாய்வு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. நடுவரின் வார்த்தையே எல்லாம் என்றால் அவருக்கு வேண்டியவர்கள்தான் ஜெயிப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்த யாருக்கும் இது தெரியும். பகடை எல்லோர் கண் முன்னாலும் உருள வேண்டும். விழுந்த எண்ணை நடத்துநரும் மாற்றக் கூடாது. எதைப் பகடைக்கு விடுவது, எதைப் பேச்சிலேயே முடிப்பது என்பதை மட்டும் அவரிடம் விடலாம். தாயத்தில் கட்டை திண்ணையை விட்டு உருண்டு போனால் செல்லுமா செல்லாதா என்று வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் சொல்லுவார். விழுந்த புள்ளியை மாற்ற அந்தப் பெரியவருக்கும் உரிமை கிடையாது. அந்த எல்லைதான் சரியான எல்லை.

ஆடிப் பார்க்க ஆசை இருப்பவர்களுக்கு இந்த மலையே போதுமான களம். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப் கார் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது, ரயில் கிடையாது. பேருக்கு மட்டும் ஸ்டேஷன் வைத்திருக்கும் ஊரில் ஒரு ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டது என்று தொடங்கினால், கதை நடத்துகிறவர் வேறு எதுவும் யோசித்து வைத்திருக்க வேண்டியதில்லை.

இருபது முகப் பகடைக்கும் அலைய வேண்டாம். ஒரு ஜோடி தாயக்கட்டை போதும். எளிய காரியம் என்றால் 3 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வையுங்கள். 16-ல் 11 விதம், சுமார் 69 சதவீதம். நடுத்தரமான காரியத்துக்கு 4 அல்லது மேல். 16-ல் 7, சுமார் 44 சதவீதம். கடினமானதற்கு 5 அல்லது மேல். நாலில் ஒரு வாய்ப்பு. சுமைகாரன் வெறும் கையோடு மரத்தைப் புரட்டியபோது இருந்த 45-ம், கம்பு கிடைத்தபின் வந்த 70-ம் கிட்டத்தட்ட அப்படியே கைக்கு வந்துவிடுகின்றன. 12 விழுந்தால் நினைத்ததைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நடக்கட்டும். தாயம் விழுந்தால் காரியம் கெட்டுவிட்டது. ஆனால் மறு ஆட்டம் உண்டல்லவா, அதனால் இன்னொரு வழி திறக்கட்டும்.

கட்டை வீட்டில் இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளுங்கள். கணக்கு மாறும், உங்கள் எண்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆட உட்காருமுன், வீட்டில் மூத்தவர்களிடம் அவர்கள் தாயம் எந்த விதியில் ஆடினார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, தாயம் விழுமுன் வந்த 12 சேருமா, ஒரு காயும் வெட்டாதவன் உள்ளே போகலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவை எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை.